டச் பார்க்க ஒரு நாவல்

அக்காவை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அத்தியாயம்" என்றுதான் சொல்வார்கள். லிப்டில் ஏறினால் மேல்மாடிக்காரி, "என்ன அத்தியாயம், இன்னிக்குப் போட்டாச்சா?" என்று கேட்பாள். போட்டிருந்தால் அக்கா சிரிப்பாள். போடாத நாட்களில் லிப்டுப் பக்கமே போகாமல் படியில் இறங்கிவிடுவாள். கேட்கிற மேல்மாடிக்காரி ஒரு வரிகூடப் படித்தவள் இல்லை. கைபேசியில் கதை படிக்கிற ஏதோ ஒரு செயலியில் இவள் தினமும் ஒரு அத்தியாயம் எழுதி ஏற்றுகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அதில் காசு வருகிறது என்பது கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அக்கா எழுதும் இடம் சாப்பாட்டு மேசையின் கோடி, பிரிட்ஜை ஒட்டி. சார்ஜர் வயர் அங்கேதான் எட்டும். கணினி எல்லாம் கிடையாது. கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டைவிரல்களால் எழுதுவாள். பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும்வரை விரல் ஓடும். அது சட்டென்று அடங்கினால், பேசிக்கொண்டிருந்தவர் யாரோ வாயை மூடிக்கொண்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பாள்.

முன்பு படங்களுக்கு அடியில் ஓடும் எழுத்தைத் தட்டித் தரும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அந்த வேலையை இயந்திரம் செய்யத் தொடங்கியதும், இயந்திரம் செய்த தப்பைத் திருத்தித் தந்தால் போதும் என்றார்கள். கூலியையும் அதற்கேற்பச் சுருக்கினார்கள். அந்த நேரம் பார்த்து அத்தான் மேற்பார்வையாளராக இருந்த கிடங்கும் மூடப்பட்டது. அவர் வாடகைக் கார் ஓட்டப் போனார். வண்டி முதலாளிக்குக் கொடுத்தது போக மீதி வந்தால் வந்தது. வீட்டு வாடகையைத் தூக்கி நிறுத்தியது அக்காவின் இரண்டு கட்டைவிரல்கள்தான்.

அந்தச் செயலி காசு கொடுக்கும் விதத்தை அவள் எனக்குச் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கலக்கமாகவே இருந்தது. வாசகர்கள் கட்டுகிற சந்தா எல்லாம் ஒரே பானையில் விழும். யார் கதையில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்து, அந்தப் பானையிலிருந்து எழுதுகிறவர்களுக்குக் கரண்டியால் ஊற்றுவார்கள். ஒருவருக்குக் கூட விழுந்தால் இன்னொருவருக்குக் குறையும். கரண்டி யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அதனால் பானைக்குத் தக்கபடி எழுதக் கற்றுக்கொண்டாள். கதாநாயகனுக்குக் கோபம் அதிகம், சொத்து அதைவிட அதிகம். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு திறக்கிற இடத்தில் முடியும். திறந்தால் வாசலில் அவன் நிற்பான், அல்லது நிற்கக் கூடாத வேறொருத்தி நிற்பாள். அத்தான் ஒருநாள் சொன்னாராம்: "உன் கதையில ஆளுங்களைவிடக் கதவுக்குத்தான் வேலை ஜாஸ்தி. தச்சனுக்கு ஒரு பங்கு குடுத்துடு."

போன வருஷம் அவள் கதவை விட்டுவிட்டாள். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் சீட்டுக் கிழிக்கிற ஒருத்தியைப் பற்றி எழுதத் தொடங்கினாள். ஒருநாள் வேலை முடிந்ததும் அந்தப் பெண் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறாமல், எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான் கதை. நடக்கிறாள், நின்று தண்ணீர் குடிக்கிறாள், மறுபடி நடக்கிறாள். முதல் மாதம் கணக்கு தரையோடு தரையாகக் கிடந்தது. "தலையில துண்டுதான்" என்று என்னிடம் போனில் சொன்னாள். பிறகு ஒரு வாரம் லேசாக ஏறியது. அப்புறம் ஏறிக்கொண்டே போனது.

"கடைசி வரைக்கும் படிக்கிறாங்கடா!" என்று கத்தினாள். "முடித்தவர்கள்னு ஒரு கட்டம் இருக்கு, ஏத்தின வரைக்கும் படிச்சு முடிச்சவங்க. இதுக்கு முன்னாடி எந்தக் கதைக்கும் எனக்கு அது இப்படி வந்ததில்ல. புதுப்புது ஆளுங்க. வர்றாங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறாங்க, நேரா முடிவுக்குப் போறாங்க. நடுவுல ஒருத்தர்கூட நிக்கல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அவளுக்கோ, எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒன்றை எழுதி அதற்கு ஆள் வந்துவிட்டது. அந்தத் தெம்பில், திருத்தல் வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் வேறு நாட்டில் பிழைப்பவன். ஒரு மாத விடுப்பில் வந்து அவள் வீட்டு முன்னறைச் சோபாவில் குடியேறி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவனை வந்து இழுத்தாள்.

"டேய், இதைப் படி. நுரையோட படி, பரவாயில்ல."

செயலிக்காரர்களிடமிருந்து கடிதம். பளபளப்பான வேற்றுமொழி. அக்காவுக்கு அந்த மொழி கடைகண்ணிக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. நான் இரண்டு மொழியிலும் பள்ளிக்கூடம் போனவன் என்பதால் வீட்டில் இந்த மாதிரிக் கடிதமெல்லாம் என் தலையில்தான் விடியும்.

"உன் கணக்கை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எந்தக் கணக்கை?"

"எழுதுற கணக்கை. எல்லாக் கதையும் இப்ப மறைச்சு வெச்சிருக்காம். படிப்பு இயற்கையா இல்லையாம். ஒரே இடத்துலேர்ந்து நிறைய போன். ஒவ்வொண்ணும் இதுவரைக்கும் ஏத்தின நாவல் மொத்தத்தையும் டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிச்சிருக்கு."

"டீ ஆறுறதுக்குள்ள எப்படிடா படிப்பாங்க? நான் எழுதவே ஒரு வருஷம் ஆச்சு!"

"அதைத்தான் அவனும் கேக்கறான். காசு குடுத்து ஆள் வெச்சுப் படிக்க வெச்சியான்னு கேக்கறான்."

அக்கா நாற்காலியைத் தேடாமலே உட்கார்ந்தாள். நல்லவேளை, அங்கே ஒன்று இருந்தது. விசாரணைக்கு வரும் வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் கூப்பிடுவார்கள். படித்தது சம்பந்தமில்லாத வெளி ஆள் என்றால், பொய்ப் படிப்பைக் கழித்துவிட்டு, அதற்குச் சேர்ந்த பணத்தைப் பிடித்துக்கொண்டு, கணக்கைத் திறந்துவிடுவார்கள். அப்படி இல்லாமல், நான் மொழிபெயர்த்தபடி சொன்னால், 'உங்களோடு சம்பந்தப்பட்டவர்கள்' செய்திருந்தால், கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

"நிரந்தரமான்னா?"

"நிரந்தரமான்னா நிரந்தரமாதான்க்கா."

"பழைய கதையெல்லாம்?"

"அதுவும்தான்."

"எந்த இடம்னு போட்டிருக்கா?"

போட்டிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மின்சாதனக் கடைத்தெரு. நான் தெருப் பெயரை வாசித்ததும் அக்கா பேச்சை நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அங்க நம்ம சம்பந்தி கடை இருக்கு."

"இருந்தா என்ன? அந்தத் தெருவுல கடைக்குப் பஞ்சமா?"

"அதான், ஒண்ணுமில்லன்னு சொன்னேனே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

அவளுடைய ஒரே மகளை அந்த வீட்டில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சம்பந்தி கைபேசி பழுது பார்ப்பவர். கல்யாணப் பேச்சின்போது, "பொண்ணோட அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "கதை எழுதுறாங்க" என்றதும், "அது சரி, வேலை?" என்றார். அந்தக் கேள்வியை அக்கா மென்று விழுங்கியது எனக்குத் தெரியும். அதன் பிறகு அவர் மனசு மாறியதா என்பது எனக்குத் தெரியாது. கடைத்தெருவுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா வேறு சாத்தியங்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். அவளைப் போலவே அங்கே எழுதுகிற ஒருத்தி பொறாமையில் செய்திருப்பாளாம். செயலிக்காரர்களே காசு கொடுக்காமல் ஏமாற்ற இப்படிச் செய்வார்களாம். கணினிக்குப் பைத்தியம் பிடித்திருக்குமாம். எதுவும் சம்பந்தி பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள்.

கடை ஒரு ஆள் அகலம். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விளக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. மேசை மேல் திரை கழற்றிய போன்கள் வயிறு தெரியக் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா! தம்பி எப்ப வந்தாப்ல? உக்காருங்க, இந்த ஒண்ணு முடிச்சுடறேன், கஸ்டமர் நிக்கறார்."

புதுத் திரை போட்ட போன் ஒன்றைக் கையில் எடுத்தார். ஏதோ தட்டினார். ஆள்காட்டி விரலை வைத்துக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே போனார். இடது ஓரம், நடு, வலது ஓரம். எழுத்து ஆறுபோல் ஓடியது. அக்கா எட்டிப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. சுங்கச்சாவடிப் பெண் கடகடவென்று மேலே போய்க்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி" என்றாள் அக்கா. மேசைக் கண்ணாடியைத் தட்டி மறுபடி கூப்பிட்டாள். "சம்பந்தி, அது என்ன?"

"உங்களுதுதான்!" அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "புதுத் திரை போட்டா டச் பார்க்கணும்ல. படம் வெச்சுப் பார்த்தா தெரியாது. எழுத்து ஓடவிட்டாத்தான் எங்க சிக்குதுன்னு தெரியும். முன்னாடி எதையோ வெச்சுத் தள்ளிட்டிருந்தேன். அப்புறம் யோசிச்சேன், எவனோ எழுதினதைத் தள்றதுக்கு நம்ம வீட்டு ஆள் எழுதினதைத் தள்ளுவோமே! விருந்தினரா உள்ள வான்னு ஒரு பொத்தான் இருக்கு, ஒரு வாரத்துக்குக் காசு கேக்காது. உங்க கதையை எடுத்து ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரே தள்ளு. டச் ஓகே. அழிச்சுட்டுக் கஸ்டமர்கிட்ட குடுத்துடுவேன். பக்கத்துக்குக் காசுன்னு மருமக சொல்லுச்சு. உங்களுக்கு ஏதாச்சும் கூட வந்திருக்கணுமே? வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள் அக்கா.

"பார்த்தீங்களா! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். வாயி, நிக்க மாட்டேங்குது."

நின்றிருந்த கஸ்டமர் போனை வாங்கிக்கொண்டு போனார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'முடித்தவர்களில்' ஒருவர். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் கடிதத்தில் இருந்ததைச் சம்பந்தியிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் நெற்றி விளக்கை அணைக்க மறந்து என் கண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்.

"அட, நல்லது பண்ணப் போய்…" என்றார். பிறகு, "நான் பேசறேன் அவன்கிட்ட. கதையைப் படிக்கிறது ஒரு குத்தமா?"

"நீங்க படிக்கலையே சம்பந்தி" என்றாள் அக்கா மெதுவாக. "தள்ளினீங்க."

அவர் திருப்புளியை எடுத்துத் திரும்ப வைத்தார். "நமக்கு அவ்வளவு நேரம் எங்க இருக்கு" என்றார், பொதுவாகப் போன்களைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தான் ஓட்டம் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, "ஏதாச்சும் சொன்னானா?" என்பார். அக்கா எழுதவில்லை. ஏற்ற இடம் இல்லை. ஆனாலும் அந்த நேரம் வந்ததும் பிரிட்ஜ் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இரண்டு கவலைகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. கணக்குப் போனால் வாடகை போகும். கணக்கைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லலாம். ஆனால் அந்தப் பொய் பிடிக்கப்போவது மகள் வாழ்கிற வீட்டின் கழுத்தை.

"சம்பந்தப்பட்டவர்னு நீதானே சொன்ன" என்று என்னைப் பிடித்தாள். "சரியாப் பாரு. அந்த மொழியில அதுக்கு வேற அர்த்தம் இருக்கும்."

நானும் அகராதி அகராதியாகப் பார்த்தேன். சார்ந்தவர், தொடர்புடையவர், இணைந்தவர். எந்தப் பக்கம் திருப்பினாலும் சம்பந்தி அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி கடையைச் சாத்திவிட்டு அவரே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. அக்கா காமிரா முன்னால் உட்கார, அவர் காமிராவில் விழாமல் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். "என்னை யாருன்னே தெரியாதுன்னு அடிச்சு விடுங்க சம்பந்தியம்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். தொழில்னு வந்தா அப்படித்தான்" என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவர் யாருக்குச் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மணி அடித்தது. விசாரணைக்காரி சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும். முகம் காட்டவில்லை, குரல் மட்டும்தான். நம் மொழியிலேயே பேசினாள். அக்காவுக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது.

"மேடம், அந்தத் தெருவுல ஒரு போன் ரிப்பேர் கடை. அங்கேர்ந்துதான் எல்லாம் வந்திருக்கு. அந்தக் கடை உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள்.

முக்காலி கிறீச்சிட்டது.

"அவர் டச் பார்க்கறதுக்காகத் தள்ளினது அது. காசுக்காக இல்ல. நான் ஆள் வெக்கல. எனக்கு அது தெரியவே தெரியாதும்மா."

"புரியுது மேடம்." உண்மையிலேயே புரிந்த மாதிரித்தான் இருந்தது. "ஆனா உங்களுக்குக் கூடப் போனது வேற எழுத்தாளருங்க பங்குலேர்ந்து போனது. அதனாலதான் நாங்க கேக்க வேண்டியிருக்கு. அந்தக் கடைக்காரருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தி" என்றாள் அக்கா.

"சொல்லுங்க மேடம், என்ன சம்பந்தம்?"

"அதான்மா. சம்பந்தி. என் மாப்பிள்ளையோட அப்பா."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "ஓ" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் யோசித்தாள். "மேடம், எனக்கு இங்க ரெண்டே பொத்தான்தான் குடுத்திருக்காங்க. குடும்பம், குடும்பம் இல்லை. சம்பந்தின்னு பொத்தான் இல்ல. நீங்களே சொல்லுங்க. உங்க குடும்பமா, இல்லையா?"

அவள் உதவிதான் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்கும் அது புரிந்தது. அவள் காமிராவை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தாள். சம்பந்தி முக்காலி நுனிக்கு வந்திருந்தார். இல்லை, இல்லை என்று வேகவேகமாகத் தலையை ஆட்டினார். கையையும் ஆட்டினார். சொல்லு, சீக்கிரம் சொல்லு என்று உதட்டைக் குவித்தார்.

"குடும்பம் இல்ல" என்றாள் அக்கா.

அவர் தலை ஆடுவது நின்றது. கை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் இருந்தது.

"சரி மேடம். அப்படியே பதிவு பண்ணிக்கறேன். நன்றி மேடம்."

அழைப்பு முடிந்ததும் அத்தான் பெருமூச்சு விட்டார். நானும்தான். சம்பந்தி எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"டீ போடறேன், உக்காருங்க" என்றாள் அக்கா.

"இருக்கட்டும். கடையைத் திறக்கணும்." செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "நல்லாத்தான் சொன்னீங்க. நானே சொல்லச் சொன்னதுதானே. அப்ப நான் வர்றேன் மேடம்."

எல்லோரும் சிரித்தோம். அவர் லிப்டுக்குள் போகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தோம். கதவைச் சாத்திவிட்டு வந்த அக்கா, "விளையாட்டுக்குத்தானேடா சொன்னார்?" என்று கேட்டாள்.

"விளையாட்டுக்குத்தான்" என்றேன்.

விளையாட்டுக்கு இல்லை. அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். "அம்மா, உன் பேச்சு வந்தாலே மாமா 'அந்த மேடம்'ங்கறார்மா. அத்தை சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரல. நீ என்னதான் சொன்ன அவரை?"

"அவர் சொல்லச் சொன்னதைத்தான்டி சொன்னேன்."

"சொல்லச் சொன்னா சொல்லிடுவியா?"

கணக்கு திறந்துவிட்டது. கூடவே ஒரு எச்சரிக்கை, அதையும் நானே மொழிபெயர்த்தேன்: பட்டியலிலுள்ள அந்தப் போன்களிலிருந்தோ, அந்தக் கடையிலிருந்தோ மறுபடி ஒரு பக்கம் படிக்கப்பட்டாலும் விசாரணை இல்லாமல் மூடப்படும். பொய்ப் படிப்பைக் கழித்த பிறகு 'முடித்தவர்கள்' கட்டத்தில் மிஞ்சியது சொற்பம். ஒரு லிப்டில் ஏற்றிவிடலாம். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் திருத்தல் கம்பெனிக்குப் போன் செய்தாள். வரிசையில் வைத்திருக்கிறோம் என்றார்கள். எந்த வரிசை, யாருக்குப் பின்னால் என்று அவள் கேட்கவில்லை. பயம் வேறு பிடித்துக்கொண்டது. யார் படித்தாலும் பயம். எண்ணிக்கை ஒன்று ஏறினால், "இது யாருடா? தெரிஞ்சவங்களா இருக்குமோ?" என்பாள். மேல்மாடிக்காரி லிப்டில், "நானும் உங்க கதையைப் படிக்கலாம்னு இருக்கேன் அத்தியாயம்" என்று சொல்ல, "ஐயோ, வேணாம்" என்று இவள் பதறியதில் அவளுக்கு மனஸ்தாபம். பழைய கதவுக் கதை ஒன்றை மறுபடி தொடங்கினாள். சுங்கச்சாவடி நாவலின் கடைசி அத்தியாயங்களை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஏற்றி முடித்தாள், திருடிவிட்டு ஓடுகிறவள் போல.

நான் திரும்பிப் போக வேண்டிய வாரம். பகலில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் போன் அடித்தது. திரையில் சம்பந்தி பெயர். அவள் எடுப்பதற்குள் இரண்டு முறை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், ஒரு கம்ப்ளைண்ட்" என்றார்.

"சொல்லுங்க சம்பந்தி."

"ஆம்புலன்ஸ் ஓட்டறவர் ஒருத்தர் கடையில நிக்கறார். இந்த விவகாரத்துக்கு முன்னாடியே அவருக்குத் திரை மாத்திக் குடுத்தேன். உங்க கதையை அதுலேர்ந்து அழிக்க மறந்துட்டேன் போல. இவர் ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியைப் போட்டுட்டுப் படிச்சிருக்கார். பாதியில கதை நின்னுடுச்சாம். திரை சரியில்ல, மேல போக மாட்டேங்குது, சரி பண்ணிக் குடுன்னு என்னைப் புடிச்சுக்கிட்டார். இலவச வாரம் முடிஞ்சு பூட்டியிருக்கும்னு சொன்னா நம்ப மாட்டேங்கறார். நான் போட்ட திரைதான் கோளாறாம்."

அக்காவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஒன்று ஏறியது. மறுகணம் வெளிறிவிட்டாள்.

"அந்தப் போனா? அது அவங்க பட்டியல்ல இருக்குமே! சம்பந்தி, அவரை அங்க வெச்சுத் திறக்கச் சொல்லாதீங்க. தள்ளச் சொல்லாதீங்க. சந்தா கிந்தா கட்டிடப் போறார். போனை அணைக்கச் சொல்லுங்க முதல்ல!"

"படிக்க வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா! படிக்க வேணாம்னு சொல்லுங்க!"

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு கனத்த குரல் ஒன்று வாங்கிக்கொண்டது. "அம்மா, எழுதினது நீங்களா? என்னம்மா இது. அந்தப் பொண்ணு புருஷன் போன் மேல போன் பண்றான், எடுக்கவே மாட்டேங்கறா. எனக்குக் கோவமா வருது. அப்புறம் பாலத்துக்கிட்ட வந்து நிக்கறா, அதோட கதை நின்னுபோச்சு. திரும்பிப் போறாளா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க, நான் போனை அணைச்சுடறேன்."

"ஏன் கோவம் வருது?" என்று கேட்டாள் அக்கா.

"எடுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு நடக்கட்டுமேம்மா. யார் வேணாம்னா?"

"எடுத்தா நடக்க முடியாதே."

"அது சரி" என்றார் அவர், ஒத்துக்கொள்ளாத குரலில்.

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "போனை அணைச்சுட்டீங்களா? சம்பந்தி, அவர் அணைச்சுட்டாரான்னு பாருங்க."

"அணைச்சுட்டார்" என்றது சம்பந்தியின் குரல்.

"சம்பந்தி, உங்க போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

"போட்டாச்சு, சொல்லுங்க" என்றார். மேடம் என்றும் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. கடையில் ஏதோ நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கலாம்.

"பாலத்து மேல காத்து கடுமையா அடிக்குது" என்று அக்கா ஆரம்பித்தாள். "அவ பையைக் கீழ வெக்கறா…"

நான் சட்டையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பந்தத்தை முழுவதும் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு விதி உண்டு: இந்தச் செயலியில் ஏற்றிய கதையை எழுத்தாலோ குரலாலோ வேறெங்கும் வெளியிடக் கூடாது. அதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.